மழை ரொட்டியின் தேதி

மொந்தேவிதேயோ, 4 மே 1998

என் எல்பியா அக்காவுக்கு,

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். திட்டுவதானால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு. தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளையும் பெற்றவர்களையும் சேர்த்துவைக்கும் பதிவகம் ஒன்று இங்கே இருக்கிறது. ஒரு மாடி அறை, இரண்டு அலமாரி, கிராசியேலா என்று ஓர் அம்மாள், அவ்வளவுதான். பெற்றவள் தாள் ஓர் அலமாரியில், பிள்ளையின் தாள் மற்றதில். இரண்டிலும் ஊரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால்தான் வாய் திறப்பார்கள்.

என் தாளைக் கொடுத்துவிட்டேன். சால்தோ, பெண் குழந்தை, 30 ஆகஸ்ட் 1971. திருநாளோடு வரும் சாந்தா ரோசா புயலில் பிறந்தவளுக்கு அந்தத் திருநாள்தானே தேதி? காய்ச்சலில் கிடந்த எனக்குக் கூரைத் தகரம் அடித்துக்கொண்ட சத்தம் மட்டும்தான் ஞாபகம். தத்துப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்டதே நீ சொல்லித்தான் தெரியும்.

இருப்புக்கொள்ளவில்லை அக்கா. தைக்க உட்கார்ந்தால் மனசு ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம்.

உன் சூல்மா

சால்தோ, 15 மே 1998

சூல்மா கண்ணு,

கடிதம் வந்தது. ஆரஞ்சு பறிப்பு தொடங்கிவிட்டது, ஆள் கிடைப்பதில்லை. உன் அத்தான் வால்தெர் ஏணியிலிருந்து விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டு, உட்கார்ந்த இடத்தில் மாத்தே டீ கேட்டு உயிரை வாங்குகிறார்.

இருபத்தாறு வருஷம் ஆறிக் கிடந்ததை ஏன் கிளறுகிறாய்? அவள் எங்கேயோ நன்றாக இருப்பாள். தேதி சரிதான். வேளாவேளைக்குச் சாப்பிடு.

எல்பியா

மொந்தேவிதேயோ, 25 ஜூன் 1998

அக்கா,

ஆரஞ்சு எப்படி, அத்தான் கால் எப்படி என்று கேட்க வேண்டியவள்தான். கேட்க மனசில்லை. ஏழு வாரமாக வியாழன்தோறும் பதிவகத்துப் படியேறுகிறேன். ஒத்துப்போகவில்லை என்கிறார் கிராசியேலா. இன்றைக்கு எனக்கும் மாத்தே ஊற்றிக் கொடுத்து, தேதி எப்படித் தெரியும் என்று கேட்டார். புயலைச் சொன்னேன். அவரும் நம் வடக்குப் பக்கம்தான். சிரித்துவிட்டார்.

“ஏம்மா, சாந்தா ரோசா புயல் என்னிக்காவது திருநாளன்னிக்குக் கரெக்டா வந்திருக்கா? அஞ்சு நாள் முன்னப்பின்னதானே வரும்? கூட இருந்தவங்க யாரையாவது கேளுங்க.”

கூட இருந்தவள் நீ ஒருத்திதான். எந்த நாள் அக்கா?

சூல்மா

சால்தோ, 6 ஜூலை 1998

சூல்மா,

முப்பதுதான். எத்தனை தடவை சொல்வது? வாராவாரம் போய் நிற்காதே. ஒரு பெட்டி மாண்டரின் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன்.

எல்பியா

மொந்தேவிதேயோ, 6 ஆகஸ்ட் 1998

அக்கா,

பழம் வந்தது. பாதியைக் கிராசியேலாவுக்குக் கொடுத்தேன்.

போன வாரம் இங்கே அடைமழை. மழை வந்தால் செய்கிற வழக்கப்படி தெருவே மாவு பிசைந்து மழை ரொட்டி பொரித்தது. நானும் கொழுப்பைக் காயவைத்தேன். முதல் ரொட்டியைப் போட்டதும் கை நின்றுவிட்டது. உன் வீட்டில் நான் இருந்த பத்து வருஷமும் வெயில் அடித்தாலும் ஒரு குறிப்பிட்ட நாளில் நீ மழை ரொட்டி பொரிப்பாய். “ஒரு பொட்டு மேகம் இல்ல, உனக்கென்ன கிறுக்கா” என்று நான் கேலி பண்ணுவேன். வாய்க்கு ஆசையாக இருக்கிறது என்பாய். அது செப்டம்பர் மூன்று. ஒரு வருஷம்கூடத் தப்பியதில்லை.

இன்று பிறந்த தேதியை அதற்கு மாற்றிக் கொடுத்தேன். கிராசியேலா எழுந்துபோய் ஒரு தாளை எடுத்துவந்தார். ஆறு வருஷமாக எனக்காகக் காத்திருந்த தாள். அவள் பெயர் இவோன். பைசாந்துவில் பள்ளிக்கூட டீச்சர். உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.

தாளோடு தத்துப் பத்திரத்தின் நகலும் இருந்தது. அதில் என் பெயர் இருக்கிறது, என் எழுத்து இல்லை. என் பெயரின் முதலெழுத்தாக அந்த வால் நீண்ட ‘ஸெட்’டைப் போடுகிறவள் உலகத்தில் ஒருத்திதான். பள்ளிக்கூட நாளில் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்த நீ.

நான் கொடுத்துவிட்டேன் என்று இத்தனை வருஷம் என்னையே சபித்துக்கொண்டிருந்தேன். நீ பார்த்துக்கொண்டிருந்தாய். உன்மேல் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. ஆனால் பிறந்தநாளை மறக்காமல் கொண்டாடியவளும் நீதான். அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஃபோனில் இவோன் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “என்னைக் குடுத்தது யாரு?”  பதினாறாம் தேதி ஞாயிறு, பத்து மணி பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீயே சொல்.

சூல்மா

சால்தோ, 11 ஆகஸ்ட் 1998

சூல்மா,

கையெழுத்துப் போட்டது நான்தான். உனக்குப் பதினேழு வயது, பிழைப்பாயா என்றே தெரியவில்லை. நீ கண்ணைத் திறந்து பிள்ளையைக் கேட்டபோது பயந்துபோய் அந்தப் பொய்யைச் சொன்னேன். அப்புறம் உண்மையைச் சொன்னால் நீ என்னை விட்டுப் போய்விடுவாய் என்று பயம். தேதியை மறைத்ததும் அந்தப் பயத்தில்தான். இது நியாயம் என்று சொல்லவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவளை எடுத்துப்போகும் முன் ஒரு மணி நேரம் என் மடியில் இருந்தாள். உன் மூக்கு.

ஞாயிற்றுக்கிழமை மழை வராது என்கிறார் உன் அத்தான். வராவிட்டால் என்ன, மாவு பிசைந்து வைத்திருப்பேன். அவள் கேட்பதற்குப் பதில் சொல்கிறேன். சாப்பிடாமல் திரும்பிப் போனாலும் சரி, வாசல் வரைக்குமாவது அவளைக் கூட்டிக்கொண்டு வா.

உன் அக்கா