படுக்கையறைக்கு மட்டும் வராத காற்று

6 ஜனவரி 2025, திங்கள்

காலை எட்டு மணிச் சூட்டுக் கணக்கு: சமையலறை 23 பாகை. ஹோல் 19. படுக்கையறை 13.

பதின்மூன்று! ஜேர்மனியில், டோர்ட்முண்டில் இருபத்திரண்டு வருசம் பெரிய பெரிய கட்டடங்களுக்குக் காற்றுக் குழாய் பூட்டினவன் நான். என் வீட்டில் ஒரு அறைக்குச் சூடு கொண்டுபோக ஏலாமல் நிற்கிறேன். வெளியில் சொன்னால் வெட்கம்.

வீடென்றும் சொல்ல முடியாது. தொழிற்சாலையில் இரண்டு பாதியாகச் செய்து, லொறியில் கொண்டுவந்து, லண்டனில் குரோய்டனுக்கு அப்பால் இந்த வளவில் இறக்கிப் பொருத்திய பெட்டி. சமையலறை அலுமாரிக்குள் ஹீட்டர். அது ஊதும் காற்று தரைக்குக் கீழே குழாயில் ஓடி, ஒவ்வொரு அறையிலும் சுவரடித் துவாரத்தால் வர வேண்டும். படுக்கையறைதான் கடைசி. மனிசி நகுலாவுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று கோலியர்ஸ் வுட் வீட்டை விட்டு இங்கே வந்தோம். இங்கே படி இல்லை. கதைக்க மனிசரும் இல்லை.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் இன்றைக்குப் பதினொரு நாள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. குளிர்தான் காரணம் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொன்னார்.

8 ஜனவரி, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து துஷ்யா என்ற பிள்ளை வந்தது. நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாமா என்று வீட்டைப் பார்த்துச் சொல்வது அவளுடைய வேலை. எங்கட தமிழ்ப் பிள்ளைதான், இங்கே பிறந்தது. படுக்கையறையில் ஒரு நிமிடம் நின்றாள், கோட்டைக் கழற்றவே இல்லை.

"அங்கிள், ஆன்ட்டிட லங்ஸுக்கு இந்த ரூம் சரிவராது. எய்ட்டீனாவது வேணும்."

கரண்ட் ஹீட்டர் வைத்துப் பார்த்தேன் பிள்ளை, நகுலாவின் ஒட்சிசன் மெசினும் அதுவும் சேர்ந்தால் மெயின் சுவிட்ச் விழுகிறது என்றேன். எழுதிக்கொண்டாள். இருபத்திரண்டாம் திகதி திரும்ப வருவாளாம். அன்றைக்கும் பதினெட்டு இல்லையென்றால் நகுலா முதியோர் இல்லத்துக்கு.

வாசலில் சப்பாத்துப் போடும்போது இன்னொன்று சொன்னாள். "ஆன்ட்டியே கேட்டவ, அங்கிள். கெயார் ஹோம் போகலாமோ எண்டு."

அவளே கேட்டாளோ? இந்தக் குளிருக்குப் பயந்துதான் கேட்டிருப்பாள். வேறென்ன!

9 ஜனவரி, வியாழன்

மகள் ஆரணி ஜேர்மனியிலிருந்து போன் எடுத்தாள். "அப்பா, ஆரும் வேலை தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்கோவன்."

நானே வேலை தெரிஞ்ச ஆள்தானடி என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். மகளோடும் இப்படித்தான் கதைக்கிறது. என்ன பழக்கமோ.

11 ஜனவரி, சனி

வீட்டுக்குக் கீழே போனேன். பக்கத்துத் தகட்டைக் கழற்றினால் இரண்டடி உயரம். அறுபத்துமூன்று வயதில் வயிற்றில் ஊர்ந்து போவது லேசான காரியம் இல்லை. பாதி வழியில் யக்கெட் ஒரு ஆணியில் மாட்டிக்கொண்டது. முன்னுக்கும் ஏலாது, பின்னுக்கும் ஏலாது. மண்ணில் கன்னத்தை வைத்துக் கிடந்தேன். இதுதான் தேவராசா உன்ர சீவியம் என்று வாய்விட்டுச் சொன்னேன். கேட்க ஆரும் இல்லை.

கையில் சுவாமித்தட்டிலிருந்து எடுத்த ஊதுபத்தி. குழாய் எங்கே ஒழுகுகிறதென்று பார்க்க இதைவிட நல்ல கருவி கிடையாது. புகை நேரே போய்க்கொண்டிருந்து ஓரிடத்தில் சிதறியது. ஹோலுக்குக் கீழே ஒரு பொருத்து கழன்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. சூடு முழுக்க மண்ணுக்கு. அங்கே ஒரு பூனை வேறு சுகமாகப் படுத்திருந்தது.

பொருத்து ஏன் கழன்றது? என்னால். படுக்கையறை குளிர்கிறதென்று டிசம்பரில் ஹோல் துவாரத்தையும் சின்னறைத் துவாரத்தையும் மட்டை வைத்து அடைத்தேன், காற்று முழுக்க அங்கே போகட்டும் என்று. போக வழியில்லாத காற்று பொருத்தைத் தள்ளிவிட்டது. வேலைக்குப் புதிதாய் வந்தவன் செய்தால் நானே ஏசியிருப்பேன். விசரன்.

12 ஜனவரி, ஞாயிறு

இடுப்பு. எழும்ப ஏலாது.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். பொங்கவில்லை.

நேற்று மறுபடி கீழே போய்ப் பொருத்தை இறுக்கி, வெள்ளித் தேப் சுற்றி, பஞ்சும் கட்டினேன். மட்டைகளை எடுத்தேன், பில்டரைக் கழுவினேன். ஹோலில் காற்று பிய்த்துக்கொண்டு வருகிறது, சுவாமி விளக்கே நூர்ந்துவிட்டது. படுக்கையறை 14. துவாரத்தில் ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை நேரே மேலே போகிறது, ஒரு ஆட்டம் அசைவில்லை.

அப்படியென்றால் படுக்கையறைக் குழாய்க்குள்ளேயே ஏதோ அடைப்பு. எலியாக இருக்கும்.

பின்னேரம் ட்ராம் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கடையில் வாங்கின சர்க்கரைப் பொங்கலில் இரண்டு கரண்டி சாப்பிட்டாள். குழாய்க் கதையை முழுக்கச் சொன்னேன், பூனை வரைக்கும். அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். அடைப்பு என்று சொன்னபோது மட்டும் என் பக்கம் திரும்பினாள்.

17 ஜனவரி, வெள்ளி

எலி இல்லை.

துவாரத்து மூடியைக் கழற்றி, தோள் வரைக்கும் கையை விட்டு, கொளுக்கி வளைத்த கம்பியால் இழுத்தேன். வளைவில் இறுகிக் கிடந்தது. ஒரு மணித்தியாலம். கடைசியில் வந்தது கடைப் பை ஒன்று. உள்ளே நாலாக மடித்த துணி. இதற்கு முன் இருந்த வெள்ளைக்காரக் கிழவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு விரித்தேன்.

நகுலாவின் நீலச் சேலை. கோலியர்ஸ் வுட்டில் வீட்டுக்கு உடுத்தது. பாதியாகக் கிழித்து, ஓரம் ஓரம் பார்த்து மடித்திருக்கிறாள். அவள் மடிப்பு எனக்குத் தெரியாதா?

தானே அடைத்துவிட்டு அந்தக் குளிரில் ஏன் கிடந்தாள்? சூட்டுக் காற்று தொண்டையை வறட்டியதோ? என்னிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே!

18 ஜனவரி, சனி

படுக்கையறை 20. இருபது! துள்ளிக் குதிக்க வேண்டிய நாள்.

மூடியைத் திரும்பப் பூட்டுவதற்காகக் கட்டிலடியில் படுத்திருந்தேன். சமையலறையில் ரேடியோ போய்க்கொண்டிருந்தது. மரண அறிவித்தல். பிறந்த ஊர், வதிவிடம், மருமக்கள் பெயர் எல்லாம் காதுக்குள் வந்து சொல்வது மாதிரிக் கேட்கிறது. இடையில் இரண்டு கதவு. இரண்டும் பூட்டு. குழாயால் வருகிறது சத்தம்.

சமையலறைத் துவாரத்துக்குப் பக்கத்தில்தான் என்னுடைய கதிரை. காலுக்குச் சூடு என்று அங்கே இருந்துதான் போன் கதைப்பேன்.

போன வருச டயறிக் கொப்பியை எடுத்துப் புரட்டினேன். என் கையெழுத்து:

'23 நவம்பர். தம்பி பாலேந்திராவோடு ஒரு மணித்தியாலம் கதைத்தேன். மனம் கொஞ்சம் லேசு.'

'25 நவம்பர். படுக்கையறை குளிர்கிறது. காரணம் தெரியவில்லை. நகுலா ஒன்றும் சொல்லவில்லை.'

தம்பியிடம் என்ன சொன்னேன் என்று கொப்பியில் இல்லை. இப்ப எழுதிறன். எழுதத்தான் வேணும். "இந்தத் தகரப் பெட்டிக்குள்ள ஒரு வருத்தக்காரியோட அடைபட்டுக் கிடக்கிறன். அவள் கண்ணை மூடினாத்தான் எனக்கு விடுதலை" எண்டு சொன்னனான்.

ஐயோ, அதைக் கேட்டுக்கொண்டா கிடந்தவள்? கேட்டுப்போட்டு எழும்பி வந்து எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தவளே! பிறகு என்ர வாய்ச் சத்தத்துக்குச் சேலையைக் கிழிச்சு அடைச்சுப்போட்டு, ஒரு மாசம் குளிருக்குள்ள கிடந்திருக்கிறாள்.

19 ஜனவரி, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. உடம்புக்கு ஏலும் என்றிருந்தும் போகாத முதல் நாள்.

20 ஜனவரி, திங்கள்

போனேன். என்ன சொல்வதென்று ட்ராமில் மூன்று விதமாகப் பாடமாக்கினேன். கட்டிலடியில் போய் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது.

"குழாய்க்குள்ள ஒரு துணி இருந்தது" என்றேன்.

"எடுத்திட்டியளோ?"

"ஓம்."

"அப்ப இனித் திரும்பவும் கேக்கும்."

"கேக்கும்" என்றேன். பிறகு, "நகுலா, நான் அண்டைக்கு..." என்று தொடங்கினேன்.

"விடுங்கோ. சொன்னது சொன்னதுதான்."

அழுதுவிட்டேன். பக்கத்துக் கட்டில் மனுசி திரும்பிப் பார்த்தது. நகுலா டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டாள். நான் வெளிக்கிடும்போது, வீட்டுக்கு வருவேன் என்றும் அவள் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அறை இருபது பாகை என்ற செய்தியைக் கதவடியில் நின்று சொன்னேன். அதற்குத்தானே பதினாலு நாள் பாடுபட்டேன். இப்ப அது ஒரு செய்தியே இல்லை.

22 ஜனவரி, புதன்

துஷ்யா வந்து பார்த்தாள். 20. கோட்டைக் கழற்றிவிட்டு, "வாவ் அங்கிள்!" என்றாள்.

"ஆன்ட்டி வாறாவோ?" என்று கேட்டேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"யெஸ் யெஸ், வாறா. ஒண்டு மட்டும் சொல்லச் சொன்னவ. கட்டிலை அந்த வென்டுக்குக் கிட்ட இழுத்து விடட்டாம். தலைமாடு அந்தப் பக்கமாம்."

உடனே துவாரத்தடிக்கு இழுத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, பரவாயில்லை. நல்ல சூடு படும்.

27 ஜனவரி, திங்கள்

வந்துவிட்டாள். அம்புலன்ஸ்காரர் இறக்கிவிட்டுப் போனார்கள். கட்டிலில் இருந்து கையைத் துவாரத்தடியில் பிடித்துப் பார்த்தாள். "நல்லா வருது" என்றாள். அவ்வளவுதான்.

பாலேந்திரா எடுத்தான். வெளியில் போய் மழைக்குள் நின்று, பிறகு கதைக்கிறன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். உள்ளே வந்தால் அதே பெட்டி, அதே மெசின் சத்தம். பொய் சொல்லக்கூடாது, மூச்சு முட்டுகிறது எனக்கு.

31 ஜனவரி, வெள்ளி

பத்து மணி. சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். துவாரத்தால் நகுலாவின் குரல். யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கச்சி வசந்தமலரோடு போனில். சின்னக் குரல்தான், ஒரு சொல் தவறவில்லை.

"ஓமடி, அதே பெட்டிக்குள்ளதான். இந்த மனிசனோட அடைபட்டுக் கிடக்கிறன். வாயைத் திறந்தா வள்ளெண்டு விழுவார். முப்பத்தாறு வருசமா மாரடிக்கிறன். எனக்கு மட்டும் ஓடிப்போக மனம் இல்லையெண்டு நினைக்கிறியே? மூச்சிருந்தா எப்பவோ போயிருப்பன்... என்ன? மெல்லக் கதைக்கவோ? ஏன் மெல்ல? அந்தாளுக்குக் கேக்கட்டும் எண்டுதானே கட்டிலை இங்க இழுப்பிச்சனான்!"

நீலச் சேலைத் துண்டு தோய்த்துக் காயப்போட்டபடி கதிரைச் சட்டத்தில் கிடந்தது. துவாரத்தை அடைக்கக் கை தானாக அதற்குப் போனது. எடுத்து வெங்காயக் கையைத் துடைத்துவிட்டுத் திரும்ப அங்கேயே போட்டேன். கதிரையைத் துவாரத்துக்குக் கிட்ட இழுத்து இருந்து முழுக்கக் கேட்டேன். நாற்பது நிமிடம். என்னைப் பற்றி மனதில் எவ்வளவு வைத்திருந்திருக்கிறாள்! பாதிக்கு மேல் உண்மை.

படுக்கையறை 20.