கோச் ஹாட்சர் காட்டிய விரல்கள்

செப்டம்பர் 28, 1978, வியாழன்

நீல் இன்று சோபாவிலிருந்து உருண்டு கம்பளத்தில் விழுந்தான். என் மகன், ஏழு மாதக் குழந்தை. அழுதான், உடனே சிரித்தான். நான்தான் தலையில் அடிபட்டிருக்குமோ என்று ஒரு மணி நேரம் அவன் கண்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பா வந்தார். "தரை அவனுக்குப் புதுசும்மா. பழகிக்குவான்."

நாளை வென்றால் கோச் ஹாட்சருக்கு, என் அப்பாவுக்கு, இருநூற்றைம்பதாவது வெற்றி. முப்பத்தொரு வருடமாக ஒரே பள்ளி, ஒரே அமெரிக்கக் கால்பந்து அணி. வெள்ளிக்கிழமை தோற்றால் ஞாயிற்றுக்கிழமை பாதிரியார்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் பிரசங்கம் செய்வார், இந்த ஊரில். என் கணவன் வெண்டெல் அப்பாவிடம் ஆடியவன், இப்போது அவருக்குத் துணைக் கோச். ஊரில் பாதி ஆண்கள் அப்பா உருவாக்கியவர்கள்தான்.

செப்டம்பர் 29, வெள்ளி

வென்றுவிட்டோம். ஆனால் எங்கள் அணிப் பையன் ஸ்டீவி ஹுடாக் கண் திறக்கவில்லை.

ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் ஹெல்மெட்டோடு ஹெல்மெட், தலையோடு தலை மோதி விழுந்தான். எழுந்தவன் எதிரணிப் பக்கமாக நடந்து போனான். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன் - சிரித்தேனே! அப்பா அவனை இழுத்து நிறுத்தி, முகத்துக்கு நேரே விரல்களைக் காட்டினார். ஏதோ சொன்னான். முதுகில் தட்டி மறுபடி ஆட்டத்துக்குள் அனுப்பினார். ஐந்து நிமிடம்கூட இருக்காது. யாரும் தொடாமலே மடிந்து விழுந்தான். பேண்டு வாத்தியம் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டே இருந்தது.

செப்டம்பர் 30, சனி

மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்திருக்கிறார்கள். பதினேழு வயது.

மருத்துவமனை நடையில் அவன் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இரும்பாலை கேன்டீனில் வேலை செய்கிற கை, சொரசொரவென்று. "உங்கப்பா மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லம்மா. எத்தனை விரல்னு கேட்டுட்டுத்தானே அனுப்பினாரு? எம்புள்ளையும் சரியாத்தான் சொல்லியிருக்கான். அதுக்கு மேல யாரு என்ன பண்ண முடியும்?"

எனக்கு நன்றி வேறு சொன்னார். எனக்கு.

அக்டோபர் 1, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

வெண்டெல் நீலுக்கு மசித்த கேரட் ஊட்டிக்கொண்டிருந்தான். மூளையில் அவ்வளவு அடிபட்டவன் எப்படிச் சரியான பதில் சொன்னான் என்று சும்மாதான் கேட்டேன்.

"எப்படித் தப்பா சொல்லுவான்? எப்பவும் ரெண்டுதானே."

"என்ன ரெண்டு?"

"கோச் எப்பவும் ரெண்டு விரல்தான் காட்டுவாரு. ஆகஸ்டு பயிற்சி முகாம்ல முதல் நாளே பெரிய பசங்க சொல்லிக் குடுத்துருவாங்க. கண்ணே தெரியலன்னாலும் 'ரெண்டு'ன்னு சொல்லுடா, உள்ள விட்டுருவாருன்னு." சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தான்.

"நீ எத்தனை தடவை சொன்னே?"

"நாலு. இல்ல, அஞ்சோ என்னவோ."

போன வாரம் வெண்டெல் பால் புட்டியைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்துவிட்டு, தண்ணீர் வற்றிப் புகை வரும்வரை அங்கேயே நின்றிருந்தானே. தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன். ஐயோ, என்னென்ன நினைத்து மழுப்பியிருக்கிறேன்!

அப்பாவுக்குத் தெரியுமா? தெரியாது. தெரிந்திருக்க முடியாது. பழக்கத்தில் கை அப்படி வந்திருக்கும்.

அக்டோபர் 3, செவ்வாய்

தெரியும்.

அப்பா தன் வீட்டின் கீழ்த்தளத்தில் வெள்ளிக்கிழமை ஆட்டத்தைச் சுவரில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டேன். படச்சுருள் முடிந்து அதன் நுனி பட்பட்டென்று அடித்தது. அவர் நிறுத்தவில்லை.

"மூணு காட்டியிருந்தேன்னா, இத்தனை வருஷத்துல பாதிப் பேர உட்கார வச்சிருக்கணும், லோர்னா."

"அப்பா!"

"அவனுங்களே உள்ள போகணும்னுதான் கெஞ்சுவானுங்க. உன் புருஷனக் கேளு."

தெரியாது என்று சொல்வார், கட்டிப்பிடித்துக்கொண்டு அழலாம் என்றுதான் போனேன். பொய்யாவது சொல்லியிருக்கலாமே? என்னை இவ்வளவு நம்புகிறாரா, இல்லை, அவருக்கு இது ஒரு விஷயமே இல்லையா?

அக்டோபர் 5, வியாழன்

திங்களன்று பள்ளி வாரியம் விசாரிக்கிறது. "நீ வாயத் திறக்காத. நம்ம பொழப்பும் இதுலதான் இருக்கு" என்கிறான் வெண்டெல்.

அக்டோபர் 9, திங்கள்

உடற்பயிற்சிக் கூடம் நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் பள்ளியின் சிவப்புச் சட்டையில், ஆட்டத்துக்கு வருவதுபோல. திருமதி ஹுடாக் முன்வரிசையில்.

"பையனச் சோதிச்சீங்களா, கோச்?" வாரியத் தலைவர் கேட்டார். கேட்கும்போதே மன்னிப்புக் கேட்கிற குரல்.

"சோதிச்சேன்."

கை தட்டினார்கள். நான் எழுந்தது அந்தக் கைதட்டலில்தான். நீல் இடுப்பில் இருந்தான். எத்தனை விரல் என்று கேளுங்கள், எப்போதும் எத்தனை என்று கேளுங்கள் என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "உட்காரும்மா, பெத்த அப்பனையேவா!" என்று பின்னாலிருந்து ஒருவர். தலைவர் வெண்டெலைப் பார்த்தார். "என்னப்பா, உன் மனைவி என்ன சொல்றாங்க?"

அவன் எழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு. எப்பவும் ரெண்டுதான்" என்றான்.

இருநூறு ஆண்கள் இருந்திருப்பார்கள், பெரும்பாலும் அப்பாவிடம் ஆடியவர்கள். ஒருவர்கூட 'அப்படியா?' என்று கேட்கவில்லை. அதுதான் என்னை அடித்துப்போட்டது. திருமதி ஹுடாக் மட்டும் திரும்பித் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அக்டோபர் 10

அப்பா ராஜினாமா செய்துவிட்டார். கதவில் யாரோ முட்டை எறிந்திருக்கிறார்கள். எங்கள் கதவில்.

ஏப்ரல் 17, 1979, செவ்வாய்

வெண்டெல் இப்போது டயர்க் கடையில் வேலை செய்கிறான். தலைவலி வந்தால் மறைக்காமல் சொல்கிறான், அவ்வளவு முன்னேற்றம்.

மதியம் திருமதி ஹுடாக்கிடமிருந்து போன். அன்றைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. ஸ்டீவி நடக்கிறானாம், பெயர் கேட்டால் சொல்கிறானாம்.

"உங்கப்பா வண்டி மறுபடியும் எங்க வீட்டு முன்னால நிக்குது. தினமும் வர்றாரு. எறங்கவும் மாட்டேங்குறாரு, போகவும் மாட்டேங்குறாரு."

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

"வர்றதுன்னா உள்ள வரச் சொல்லும்மா. இல்லேன்னா வண்டிய எடுத்துட்டுப் போகச் சொல்லு. அந்த வண்டியப் பார்த்தா போதும், ஸ்டீவி வீடு முழுக்க ஹெல்மெட்டத் தேடுறான்."