என் கை பட்ட சென்சார்

மார்ச் 3, திங்கள்

சனிக்கிழமை அச்சடித்த சென்சாரும் செத்துவிட்டது. வெள்ளீய ஆக்சைடு மையை மெல்லிய தகட்டில் அச்சடித்து, சுட்டெடுக்கிறேன். எரிவாயு பட்டால் அதன் மின்தடை எண் மீட்டரில் சரசரவென்று இறங்க வேண்டும். முதல் நாள் இறங்குகிறது. மறுநாள் கல்லாய்க் கிடக்கிறது.

சின்ன பேட்டரியில் ஓடும் கசிவு எச்சரிப்பானுக்கு இதுதான் மூக்கு. மாதக் கடைசியில் வாங்குபவர்கள் பார்க்க வருகிறார்கள். அதற்குள் பிழைக்காவிட்டால் இந்த வேலை அடுத்த மேசைக்குப் போகும். நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மார்ச் 6

மையை மாற்றினேன். செத்தது. சூட்டைக் குறைத்தேன். செத்தது.

மார்ச் 10

பாப்பாவுக்குக் காய்ச்சல். லீவு. என் மையில் அடுத்த மேசைக்காரி அச்சடிக்கிறாளாம்.

மார்ச் 12

அவளுடையது உயிரோடு இருக்கிறது. அதே மை, அதே சூடு.

மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உடம்பு இங்க, மனசு தொட்டில்ல. புள்ள நெனப்புல பண்ணா இப்படித்தாம்மா ஆகும்."

கையுறை போடறேன், தலையுறை போடறேன் — இன்னும் என்னதான் போடணும்?

வீட்டில் கணவரிடம் புலம்பினேன். "அந்தாளு கெடக்கிறான் விடு. பாப்பா அழறா பாரு." அழுவதைக் கண்டுபிடிப்பார். தூக்க மாட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

டயபர் புண்ணுக்குக் களிம்பு பூசிவிட்டுக் கை கழுவினேன். சோப்புக்கும் போகாத வழவழப்பு; தண்ணீர் முத்து முத்தாய் உருண்டது. களிம்பு டியூபைத் திருப்பிப் படித்தேன். சிலிக்கோன்.

அதன் ஆவி பட்டால் ஆக்சைடின் மேல் படிந்து மூச்சை அடைத்துவிடும். ஆய்வகத்தில் சிலிக்கோன் பசைக்குக்கூடத் தடை. வாசலில் அதை எழுதி ஒட்டியவளே நான்தான்! தினமும் காலையில் பூசிவிட்டு ஓடுகிறேன். அந்த விரலால்தான் கையுறையையே மாட்டுகிறேன்.

அப்போ அந்தாளு சொன்னது சரியா?

மார்ச் 17

"இனிமே காலையில களிம்பு நீங்க பூசுங்க."

"எனக்கு மீட்டிங் இருக்கும்மா."

"எனக்குச் சென்சார் இருக்கு."

மார்ச் 22

புது சென்சார் நாலாவது நாளும் உயிரோடு இருக்கிறது. மேலாளரிடம் காரணத்தைச் சொன்னேன். "நான்தான் அப்பவே சொன்னேன்ல, புள்ளதான் காரணம்னு."

மார்ச் 31

வாங்க வந்தவர்கள் லைட்டரைப் பற்றவைக்காமல் வாயுவை மட்டும் திறந்து காட்டினார்கள். எச்சரிப்பான் கத்தியது. வேலை என் மேசையிலேயே இருக்கிறது.

மதியம் கணவர் போனில் கூப்பிட்டார். என்ன ஆச்சு என்று கேட்கத்தான் என்று நினைத்தேன். "இந்தக் களிம்பு கையை விட்டே போக மாட்டேங்குதுடி. போனெல்லாம் வழுக்குது."

"போகாது," என்றேன்.