வண்டியில் ஏறாதவள்

விளாத்திகுளம்,
11.5.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் முத்துசெல்வியும் நலம். உங்கள் நலமும் மாமா, அத்தை நலமும் அறிய ஆவல். இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். போனில் கூப்பிட்டால் பக்கத்தில் மாமா உட்கார்ந்திருப்பார்கள். நான் எதைக் கேட்டாலும் "ம்", "சரி", "பார்ப்போம்" என்பீர்கள். அந்த மூன்றை வைத்துக்கொண்டு நான் என்ன குடும்பம் நடத்துவது? தீப்பெட்டி ஆபீஸ் விலாசம் போட்டால் மாமா பிரித்துவிடுவார்கள். அதனால் உங்கள் சிநேகிதர் சங்கரபாண்டி அண்ணாச்சியின் கடலைமிட்டாய்க் கடைக்கு அனுப்புகிறேன். அவர் பிரிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அப்பாவின் மண்டியில் மிளகாய் வத்தல் வரத்து ஓய்ந்துவிட்டது. ஆனாலும் தெருவெல்லாம் தும்மல்தான். அம்மா தினமும் ஒரு தடவையாவது கேட்கிறாள், "ஏட்டி, லீவுக்கு வந்தியா, கோவிச்சுக்கிட்டு வந்தியா?" லீவுக்குத்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் ஏழு மணிக்கு 'கோடைவாசம்' பார்க்கிறோம். அத்தையும் பார்ப்பார்களே, அதே நாடகம்தான். அகிலாவும் தினகரனும் இரண்டு பிள்ளைகளோடு காரில் ஊட்டிக்குப் போனார்கள். போய் ஒரு மாதம் ஆகிறது, இன்னும் திரும்பி வந்தபாடில்லை. போன இடத்தில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை இல்லை. எல்லாம் பிள்ளைகள் மூலமாகத்தான். "அப்பாட்ட சொல்லு, சாப்பிட வரச் சொல்லு." அம்மா அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று அகிலா பெட்ரோல் பங்கில் இறங்கி முகம் கழுவப் போனாள். திரும்பி வந்தால் காரைக் காணோம். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

வத்தலக்குண்டில் நான் நின்றதும் அப்படித்தானே. மே தின லீவோடு சேர்த்து ஆபீஸை மூடிவிட்டு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எல்லோரையும் வேனில் கொடைக்கானல் கூட்டிப் போனீர்கள். மலை இறங்கும்போது முத்து கவுனில் வாந்தி எடுத்தாள். கவுனை மாற்றிவிட்டு, டீக்கடைக்குப் பின்னால் குழாயில் அதை அலசினேன். பிழிந்துகொண்டு முன்னால் வந்தால், வேன் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது. போனும் பையும் வேனுக்குள். டீக்கடைக்கார அம்மா பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, "கூட வந்தவங்க யாரும்மா? மறந்துட்டாங்களா?" என்று கேட்டாள். ஈரக் கவுனை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருமங்கலம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தீர்கள். மாமா, "எறங்குனா சொல்லிட்டு எறங்கணும்லா" என்றார்கள். உங்கள் தங்கச்சி சுதாராணி நகர்ந்து இடம் விட்டாள். நீங்கள் முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் இருந்தீர்கள். கீழே இறங்கக்கூட இல்லை.

சண்டை போட இதை எழுதவில்லை. எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நான் ஏறவில்லை என்பது உங்களுக்கு எப்போது தெரியும்? முத்து தூங்கி எழுந்து அழுத பிறகா, அதற்கு முன்னாலேயா? தெரியாமல் போயிருந்தால் அது எல்லோருக்கும் வருகிற மறதிதான். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் நானே பஸ் ஏறி வந்துவிடுகிறேன். தெரிந்திருந்தால் எப்படி வருவேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
உங்கள் பூங்கொடி


கோவில்பட்டி,
15.5.2025

அன்புள்ள பூங்கொடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சங்கரபாண்டி அதை ஒரு பாக்கெட் கடலைமிட்டாய்க்கு அடியில் வைத்துக் கொடுத்தான். அவனுக்கு ஒரே சிரிப்பு. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. பில் எழுதித்தான் பழக்கம். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. அம்மா நலம். கேரளாவிலிருந்து தீக்குச்சி லோடு வரவில்லை, பாதி ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். சுதாராணி அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். வீடு ஒரு மாதிரி இருக்கிறது. நீ வைத்த ரோஜாத்தொட்டிக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்.

வத்தலக்குண்டு விஷயம். வண்டி எடுக்கும்போது நான் கேட்காமல் இல்லையே. "முத்து ஏறியாச்சா?" என்று சத்தமாகத்தான் கேட்டேன். அவள், "ஆச்சுப்பா" என்றாள். டிரைவர் எடுத்துவிட்டான். அப்பா முன்னால் நான் உன்னை எப்படிக் கேட்பேன் என்பது உனக்குத் தெரியாததா? உன்னைத்தான் கேட்டேன். பதில் சொன்னது அவள். அதற்கப்புறம் எல்லாரும் அலுப்பில் கண்ணசந்துவிட்டோம். அன்றைக்கு நான் இறங்கி வந்திருக்க வேண்டும். அது தப்புதான்.

நீ வந்துவிடு. நாடகத்தை நானும் அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கிறேன். இவ்வளவு நாள் அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். தினகரனாக வருகிறவன் நன்றாகத்தான் நடிக்கிறான்.

இப்படிக்கு,
பாண்டியராஜன்


விளாத்திகுளம்,
19.5.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் கேலி செய்வீர்கள். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். என் பேரை எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டுக்கு வந்த புதிதில் நான் "இங்கன வா". பிள்ளை பிறந்த பிறகு அவள் பேர்தான் எனக்கும். ஹாலில் மாமா இருக்கும்போது "முத்து" என்று நீங்கள் குரல் கொடுத்தால், சமையலறையிலிருந்து நான் வருவேன், விளையாடிக்கொண்டிருக்கும் அவளும் வருவாள். யார் வேண்டும் என்று உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். அவளுக்கே அது பழகிவிட்டது, "உங்களத்தான்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

அதனால் நீங்கள் எழுதியது எனக்குப் புரிந்தது. அன்றைக்கு என்னைக் கேட்டிருக்கிறீர்கள். அதுவே தெரியாமல் இத்தனை நாள் மனதைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தேனே. அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை, ஜூன் ஒன்றாம் தேதி, ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் இப்போதே அத்தைக்கு மோர்வத்தல் போட்டு வைத்துவிட்டாள். மறுநாள் பள்ளிக்கூடம். முத்துவுக்கு நாலாம் வகுப்புக்குப் பை வாங்க வேண்டும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே வீடு இரண்டாகிவிட்டது. அகிலா ஏறாதது தினகரனுக்குத் தெரியாது என்று அம்மா சொல்கிறாள். தெரிந்துதான் போனான் என்று அப்பா சொல்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை காருக்குள் என்ன நடந்தது என்று காட்டப்போகிறார்களாம். கட்டாயம் பார்த்துவிட்டு எழுதுங்கள். நீங்கள் எந்தப் பக்கம்? நான் உங்கள் பக்கம் சேர்ந்துகொள்கிறேன்.

அன்பு மாறாத,
உங்கள் பூங்கொடி


கோவில்பட்டி,
24.5.2025

அன்புள்ள பூங்கொடிக்கு,

நலம். குச்சி லோடு ஒருவழியாக வந்துவிட்டது. இனிமேல் வேலைக்குக் குறைவில்லை. முத்துவுக்கு நீல நிறத்தில் பை வாங்கி வைத்திருக்கிறேன். சக்கரம் வைத்தது கேட்டாள், அது இங்கே கிடைக்கவில்லை.

நாடகத்தில் தினகரனை எல்லாரும் திட்டுகிறார்கள். அம்மாகூட "வெளங்காத பய" என்கிறாள். எனக்கு அவனைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அவன் கெட்டவன் இல்லை, பூங்கொடி. வேண்டுமென்று செய்யவில்லை. கொஞ்ச தூரம் போனதும் மேலே இருக்கிற கண்ணாடியில் பார்க்கிறான். அவள் இடம் காலியாக இருக்கிறது. வண்டியை நிறுத்தத்தான் நினைக்கிறான். ஆனால் பின்னால் அவன் அப்பா முழங்கால் வலியோடு அப்போதுதான் கண் அசந்திருக்கிறார். அவரை எழுப்பி, வண்டியை நிறுத்தி, "என் பெண்டாட்டி ஏறலை" என்று எப்படிச் சொல்வான்? அவன் அப்பா முன்னால் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசி வளர்ந்தவனா? பின்சீட்டில் தங்கச்சி இருக்கிறாள், இப்போது பார்த்துவிடுவாள், அவளே சொல்லிவிடுவாள் என்று காத்திருக்கிறான். இந்த ஊர் தாண்டட்டும், அடுத்த டோல்கேட் வரட்டும் என்றே போய்விடுகிறது. நேரம் ஆக ஆகச் சொல்வது இன்னும் கஷ்டம். "இவ்வளவு நேரம் ஏம்லே சொல்லலை?" என்று கேட்டால் என்ன சொல்வான்? அவன் மனசு என்ன பாடு பட்டிருக்கும் என்று ஒருத்தரும் நினைக்கவில்லை.

நீயும் அவனைத் திட்டாதே. ஞாயிற்றுக்கிழமை எந்தப் பஸ்ஸில் வருகிறாய் என்று எழுது. ஸ்டாண்டுக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
பாண்டியராஜன்


விளாத்திகுளம்,
27.5.2025

அத்தானுக்கு,

அந்தக் காரில் தினகரனுக்கு அப்பா இல்லை. தங்கச்சியும் இல்லை. அவன், அகிலா, இரண்டு பிள்ளைகள், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காட்டியது என்னவென்றால், பிள்ளைகள் பின்சீட்டில் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள், அவளும் அதற்குள் தூங்குகிறாள் என்று நினைத்துப் போய்விட்டான். அம்மாதான் ஜெயித்தாள்.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு முதலில் அம்மாவைக் கேட்டேன், நான் பார்க்காத நாளில் தினகரனின் அப்பா என்று யாராவது வந்தாரா என்று. "அவனுக்கு ஏதுட்டி அப்பா? செத்துப்போயி மாலை போட்ட படம்லா மாட்டியிருக்கு" என்றாள். அதற்கப்புறம் வேறு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அவருக்குத் தெரியாது, தெரிந்தால் இப்படி விடமாட்டார் என்று. நீங்கள் கண்ணாடியில் என் இடத்தைப் பார்த்துக்கொண்டே திருமங்கலம் வரைக்கும் போயிருக்கிறீர்கள். எனக்கு நெஞ்சு எரிகிறது, அத்தான்.

மோர்வத்தலை அம்மா டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். அதைப் பார்த்தால் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம்தான் ஞாபகம் வருகிறது. ரோஜாத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்களே, அதுவும் ஞாபகம் வருகிறது. அதனால் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் பஸ்ஸில் வரமாட்டேன். நீங்கள் வாருங்கள். மாமாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மன்னிப்பு ஒன்றும் கேட்க வேண்டாம். வாசலில் நின்று, மாமாவுக்குக் கேட்கிற மாதிரி, என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒரு தடவை கூப்பிட்டால் போதும், பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். அப்புறம் வத்தலக்குண்டைப் பற்றி என் வாயில் ஒரு பேச்சு வராது.

பூங்கொடி


கோவில்பட்டி,
29.5.2025

அன்புள்ள பூங்கொடிக்கு,

வெள்ளிக்கிழமை லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். நாடகம் பார்க்கவில்லை.

ஞாயிறு காலையில் வருகிறோம். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "பேத்தியப் பாக்கணும்" என்று அவரும் சொன்னார். நீ கேட்டது பெரிய விஷயமா? பேர்தானே? நேற்று ஆட்கள் போன பிறகு குடோனில் நின்று சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வருகிறது. ரொம்ப அழகான பேர். நான் ஏன் இவ்வளவு நாள் கூப்பிடாமல் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். நீ பையைக் கட்டி வை.

உன்
பாண்டியராஜன்


விளாத்திகுளம்,
2.6.2025

அத்தானுக்கு,

நேற்று நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். மாமாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? உள்ளே வந்து ஒரு வாய் காப்பி குடிக்காமல் போய்விட்டீர்கள் என்று அம்மாவுக்கு மனக்குறை.

நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். மாம்பழக் கலர் சேலை. தலை நிறையப் பூ வைத்திருந்தேன். பை காலடியில் இருந்தது. கார் வந்து நின்ற சத்தம், நீங்கள் இறங்கியது, செருப்பைக் கழற்றியது எல்லாம் கேட்டது. இடுக்கு வழியாகப் பார்த்தேன். வாயைத் திறந்தீர்கள். சொல்லத்தான் வந்தீர்கள், அதை நான் பார்த்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். அப்போது மாமா கார்க் கண்ணாடியை இறக்கினார்கள்.

"முத்து" என்றீர்கள்.

நான் அசையவில்லை. இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக, "முத்து" என்றீர்கள். அவள் ஓடி வந்தாள். நீலப் பையைக் கொடுத்தீர்கள். "அம்மா வரலையான்னு கேளு" என்றீர்கள். அவள் உள்ளே வந்து, "உங்களத்தான்மா" என்றாள். "இல்லம்மா, உன்னத்தான் கூப்பிட்டாங்க" என்று சொன்னேன். அவள் என் முகத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து பையைத் திறந்து பார்த்தாள்.

உங்கள் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. குடோனில் தனியாக நின்று சொல்லிப் பார்த்தேன் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்து அழுதேன். ஆனால் குடோனில் நான் குடியிருக்க முடியாது, அத்தான்.

சனிக்கிழமை அகிலா காரில் ஏறிவிட்டாள். ஊட்டி ரோட்டில், மழையில், அத்தனை பேர் பார்க்க தினகரன் அவள் பேரைச் சொல்லிக் கத்தினான். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்றைக்கு எல்லோரும் ஊர் திரும்பி வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். நான் எழுந்து இதை எழுத வந்துவிட்டேன்.

முத்துவை இங்கேயே நாலாம் வகுப்பில் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். அப்பா போய்ப் பேசிவிட்டு வந்தார். டி.சி. வேண்டுமாம். அதை நீங்கள்தான் பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கி அனுப்ப வேண்டும். ஆபீஸ் அறையில் டீச்சர் பிள்ளையின் அம்மா பேர் என்ன என்று கேட்பார்கள். அங்கே மாமா இருக்க மாட்டார்கள். தைரியமாகச் சொல்லுங்கள்.

பூங்கொடி