அடுத்த விமானம் வரும் வரை

மார்ச் 3

இரண்டாவது விமானத்தின் சக்கரங்களையும் இன்று கழற்றிவிட்டார்கள். முதல் விமானத்துக்கு வேண்டுமாம். போன மாதம் இதன் ரேடாரும் அப்படித்தான் போனது, அதற்கு முன் ஒரு எஞ்சின். இப்போது கொட்டகைக்குள் ஜாக்கிகள் மேல் நிற்கிறது. பாதுகாப்புச் செலவைக் குறைக்கிறார்களாம். ஒரு காலத்தில் ஆறு விமானங்கள் பறந்த கடல் கண்காணிப்புப் பிரிவு. இனிமேல் ஒன்றே ஒன்று.

அந்த விமானத்தில், என்னைப் போலவே ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்க்கிற வேலை, நாங்கள் 'கழுகு' என்று கூப்பிடுகிற கூட்டாளிக்கு. அவனை உணவுக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். "அங்க எலியாவது பாக்கலாம்ல" என்றான். சிரித்தோம். வேறென்ன செய்ய?

மார்ச் 9

ரோந்து. ஒன்றுமில்லை. கழுத்து வலி.

மார்ச் 17

மீன்பிடிப் படகு ஒன்று திரும்பவில்லை என்று மதியம் கிளம்பினோம். கண்ணில் பட்டது எனக்குத்தான். கவிழ்ந்த படகின் முதுகில் ஐந்து பேர். தாழப் பறந்தோம். ஒருவன் சட்டையைக் கழற்றி ஆட்டினான். ரப்பர் தெப்பம் போட்டோம். காற்று அதை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஆளைப் பார்த்துவிட்டால் கண்ணை எடுக்கக் கூடாது. அடுத்த விமானம் அதே இடத்துக்கு வந்து, "எனக்கும் தெரியுது" என்று சொன்ன பிறகுதான் முதல் விமானம் திரும்பும். கடலில் எதுவும் வைத்த இடத்தில் இருக்காது.

அடுத்த விமானம்தான் ஜாக்கி மேல் நிற்கிறதே.

கிட்டத்தில் இருந்த கப்பல் வந்து சேர விடிந்துவிடும். நாங்கள் போய் எரிபொருள் நிரப்பி வருவதற்குள் இருட்டிவிடும். முடிந்த மட்டும் சுற்றினார் கேப்டன். கடைசியில், "கிளம்பணும்மா" என்றார். விமானம் திரும்பியது. கொஞ்ச நேரம் கையாட்டினார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

வீட்டுக்காரர் தட்டை வைத்துவிட்டுக் கேட்டார். "ஆளுங்க கெடச்சாங்களா?"

"கெடச்சாங்க."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

விட்டுட்டு வந்துட்டேன். வேற என்னத்தச் சொல்ல? அஞ்சு பேரக் கண்ணால பாத்துட்டு, விட்டுட்டு வந்துட்டேன்.

மார்ச் 18

விடிந்ததும் அங்கே இருந்தோம். கப்பலும் வந்திருந்தது. அவர்கள் இல்லை. நாள் முழுக்கத் தேடினோம்.

மார்ச் 19

வேறு வழியாகப் போன சரக்குக் கப்பல் ஒன்று பார்த்து ஏற்றிக்கொண்டதாம். நான்கு பேர்.

மார்ச் 24

தலைமை அதிகாரி கூப்பிட்டுப் பாராட்டினார். "ஒரே விமானத்த வச்சுக் கண்டுபிடிச்சிட்டீங்களே. யானை படுத்தாலும் குதிரை மட்டம்னு காட்டிட்டீங்க. மேலிடத்துல ரொம்ப சந்தோஷம்." யானையை யார் படுக்க வைத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கணும்.

ஏப்ரல் 2

தப்பி வந்த நால்வரில் மூத்தவர் என்னைத் தேடி வந்தார். படகின் எஞ்சின் டிரைவர். நன்றி சொல்ல வந்தாராம். கேன்டீனில் உட்கார வைத்தேன். ஐந்தாவது ஆள் அவருடைய மச்சான். இடுப்பில் கயிறு கட்டி, படகோடு பிணைத்துக்கொண்டு கிடந்தானாம்.

"அதுவரைக்கும் எங்களுக்கே அவந்தாம்மா தெம்பு சொன்னான். நீங்க வந்ததும் அழுதான், சிரிச்சான். நீங்க போனதும் பேச்சே இல்ல. காலைல பாத்தா கயித்த அவுத்திருக்கான்."

அவர் குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வராமலே இருந்திருந்தா இன்னும் ஒரு நாள் தாங்கியிருப்பான்."

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது? நான் அழுதேன். அவர்தான் எனக்குத் தண்ணீர் எடுத்து வந்தார்.

ஏப்ரல் 15

ஐந்தாவது ஆளின் சாவை விசாரிக்க மேலிடம் போட்ட குழு முன்னால் நின்றேன். உள்ளே போகும்முன் தலைமை அதிகாரி, "கண்டுபிடிச்சத மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் வழக்கத்தை, கழற்றிய சக்கரத்தை, அவிழ்ந்த கயிற்றை. தலைவியாக இருந்த அம்மையார் குறுக்கே பேசாமல் கேட்டார். "இப்படி இன்னொரு தடவை நடக்கக் கூடாது" என்றார்.

இரண்டாவது விமானம் எழுந்துவிடும் என்கிறார் கேப்டன். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ என்கிட்ட மட்டும்தான் வாயாடுவேன்னு நெனச்சேன்" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

மே 6

குழுவின் உத்தரவு வந்துவிட்டது. கேப்டன் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். அருகில் கப்பல் இல்லாத நேரத்தில், கடலில் ஆட்களைக் கண்டால் தாழப் பறக்கக் கூடாது. கீழே இருப்பவர்களின் கண்ணில் படாத உயரத்திலேயே இருக்க வேண்டும். அவர்கள் மனம் உடையாமல் இருப்பதற்காக.

இரண்டாவது விமானத்தைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இல்லை என்றார்.

மே 11

அந்த உயரத்தில் பறந்து பழகினோம். வானம் சுத்தமாக இருந்தது. படகுகள் தெரிந்தன. ஒன்று அசையாமல் நின்றது. வலை போட்டிருக்கிறார்களா, உதவி கேட்கிறார்களா என்று கேப்டன் கேட்டார். இங்கிருந்து சொல்ல முடியாது என்றேன்.