தோற்க வரும் அணி

டன்மோர்
1984 ஆகஸ்ட் 26, ஞாயிறு

அன்புத் தம்பி ரெய்னோவுக்கு,

அக்கா எழுதுவது. நீ போன மாதம் போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், திட்டாதே. இந்த வெயிலில் பேனாவைப் பிடித்தால் கை வழுக்குகிறது. இந்தத் தெற்குச் சீமைக்கு வந்து இது மூன்றாவது வருஷம், இன்னும் பழகவில்லை. கோல் கிரீக்கில் இந்நேரம் காலையில் ஸ்வெட்டர் தேடுவீர்கள். நான் இங்கே ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு முன்னால் நிற்கிறேன். உன் அத்தான் பார்த்துவிட்டு, "உள்ளயே கட்டிலைப் போட்டுக்கயேன் ஐலா" என்கிறார்.

கிண்டல் பண்ணுகிறாரே, நன்றாக இருக்கிறார் போல என்று நினைத்துவிடாதே. இந்தப் பல்கலைக்கழக ஃபுட்பால் அணிக்குக் கோச்சாக வந்த இரண்டு வருஷமாகத் தோல்விதான் அதிகம். இந்த வருஷமும் இப்படியே போனால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அணிக்கு நன்கொடை தருகிறவர்களின் மனைவிமார் தேநீருக்கு வந்தால் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "அடடே, புதுத் திரை போட்டிருக்கீங்களே! இப்பவா போட்டீங்க?" என்று கேட்கிறார்கள். அந்த "இப்பவா"வில் எல்லாம் இருக்கிறது.

எனக்கு ஒன்று புரியவே இல்லை ரெய்னோ. அதே மனுஷன், அதே விசில், அதே ஆட்டமுறை. கோல் கிரீக்கில் பதினோரு வருஷம் ஜெயித்தவர் இங்கே ஏன் இப்படித் தோற்கிறார்? நீ அவரிடம் உதவிப் பயிற்சியாளனாக இருந்து, இப்போது அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறவன். தெரிந்தால் எழுது. அவரிடம் கேட்டால் தோளைக் குலுக்குகிறார்.

நவம்பர் பதினேழாம் தேதி உன் அணி இங்கே வருகிறதே, ஞாபகம் இருக்கிறதா? பெரிய பல்கலைக்கழகம் காசு கொடுத்து ஒரு சின்னக் கல்லூரியை வரவழைத்து, ஊர் கூடிப் பார்க்கத் துவைத்து அனுப்புவது எல்லா இடத்திலும் நடக்கிறதுதான். வேடிக்கை என்னவென்றால், இந்த ஆட்டத்துக்கு அப்போது கோல் கிரீக் சார்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதே உன் அத்தான்தான். உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கூரை போட வேண்டும் என்று வாங்கிய காசு. நீ நல்ல பிள்ளையாக வந்து, அடி வாங்கிக்கொண்டு, அக்கா கையால் பேஸ்டி சாப்பிட்டுவிட்டுப் போ. நம் அம்மா செய்கிற மாதிரியே மாவுக்குள் கறியோடு டர்னிப்பும் வைத்துச் சுடுகிறேன்.

டோரிஸையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் அன்புள்ள அக்கா
ஐலா


கோல் கிரீக், மொன்டானா
1984 செப்டம்பர் 30

அன்பு அக்காவுக்கு,

ரெய்னோ எழுதுவது. இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. உனக்குக் கொஞ்சம் உறையில் போட்டு அனுப்பலாம் என்றால் தபால்காரர் சண்டைக்கு வருவார்.

இதுவரை ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. ஊரில் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். கூச்சமாக இருக்கிறது அக்கா. ஆடுகிறவர்கள் எல்லாம் அத்தான் விட்டுப்போன பையன்கள்.

நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எம்மெட் ராடிச்சை உனக்கு நினைவிருக்கும். சுரங்கக்காரர் மகன், ஒட்டடைக் குச்சி மாதிரி வந்தானே, எந்தக் கல்லூரியும் சீண்டாத பையன். அத்தானும் நானும் பனியில் கார் ஓட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனோம். அத்தான் அவன் அப்பாவிடம், "முதல் வருஷம் இவனை ஆடவே விட மாட்டேன். சாப்பிட வெச்சு, தூங்க வெச்சு, நிக்கக் கத்துக் குடுப்பேன். அப்புறம் நாலு வருஷம் ஆடட்டும். சரின்னா அனுப்புங்க" என்றார். அந்த மனுஷர் யோசிக்கவே இல்லை, "கூட்டிட்டுப் போங்க" என்றார். இப்போது அவனுக்கு ஐந்தாவது வருஷம். அவன் முன்வரிசையில் நின்று மோத வருகிறவர்களைத் தடுத்தால் பின்னால் இருப்பவன் பயமில்லாமல் பந்து எறியலாம்.

இங்கே அத்தான் பொறு என்றால் பையன் பொறுத்தான், அப்பன் பொறுத்தான், ஊரே பொறுத்தது. தோற்றுவிட்டு வந்தால் மதுக்கடை ஹாங்க் கூட "அடுத்த வாரம் பாத்துக்கலாம் கோச்" என்பான். அங்கே வருகிற பையன்கள் பள்ளிக்கூடத்திலேயே ராஜாக்கள். அவர்களிடம் போய் ஒரு வருஷம் உட்கார் என்றால் கேட்பார்களா? அத்தான் வேலையே அந்த ஒரு வருஷத்தில்தான் நடக்கும் அக்கா. அதை எடுத்துவிட்டால் அவர் என்ன செய்வார்?

தெரிந்து என்ன பிரயோசனம், சொல். நான் ஒன்றும் செய்ய முடியாது.

அன்புள்ள தம்பி
ரெய்னோ


டன்மோர்
1984 அக்டோபர் 21

தம்பி ரெய்னோவுக்கு,

நேற்றும் தோல்வி. இன்று காலை கதவைத் திறந்தால் வாசல் புல்வெளி முழுக்க "வீடு விற்பனைக்கு" என்று பலகைகள் நட்டிருக்கிறார்கள். தோற்கிற கோச்சுக்கு இங்கே இப்படித்தான் சொல்லி அனுப்புவார்களாம். பல்கலைக்கழகம் கொடுத்த வீடு இது, நாங்கள் நினைத்தாலும் விற்க முடியாது! சொன்னால் சிரிப்பாய். நான் சிரிக்கவில்லை, சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். உன் அத்தான் ஒவ்வொன்றாகப் பிடுங்கி கராஜில் அடுக்கினார். "நல்ல மரம் ஐலா, பைன் மரம்" என்றார். இந்த மனுஷனை என்ன செய்ய?

வியாழக்கிழமை பயிற்சியைப் பார்க்கப் போனேன். ஒரு பையனிடம் மண்டியிட்டு உட்கார்ந்து, காலை எங்கே வைக்க வேண்டும் என்று தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பையன் அவர் தலைக்கு மேலே பார்க்கிறான். திரும்பிப் பார்த்தால் மைதானக் கோட்டோரத்தில் ஒரு நன்கொடைக்காரர் சுருட்டோடு நின்று அவனுக்குக் கை காட்டுகிறார். உன் அத்தான் பேசி முடித்துவிட்டு, "புரிஞ்சுதாப்பா?" என்றார். "ம், சரி கோச்" என்றான். என்ன புரிந்தது என்று நானே கேட்டிருப்பேன், என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

விளையாட்டுத்துறை டைரக்டர் வீட்டுக்கே வந்தார். என் பேஸ்டியைத் தின்றுகொண்டே, "வெண்டல், மத்ததெல்லாம் நான் எப்படியாவது சமாளிச்சு இன்னொரு வருஷம் வாங்கித் தர்றேன். அந்த மலைக்காரப் பசங்ககிட்ட மட்டும் தோத்துடாதீங்க. அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

மலைக்காரப் பசங்கள் என்றால் நீதான்.

ரெய்னோ, ஆகஸ்டில் வேடிக்கையாக எழுதினேன். இப்போது கெஞ்சுகிறேன். நீ எப்படியும் தோற்கத்தான் வருகிறாய். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், உன்னை யாரும் குறை சொல்லப் போவதில்லை. எம்மெட்டுக்குக் கால் வலி என்று சொல்லி உட்கார வைத்துவிடு. அவன் இல்லாவிட்டால் உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும். அத்தானுக்கு ஐம்பத்தெட்டு வயது. இதற்குப் பிறகு யார் கூப்பிடுவார்கள்? இதை நான் எழுதியது அவருக்குத் தெரிந்தால் என் முகத்தில் விழிக்க மாட்டார்.

அக்கா


கோல் கிரீக்
1984 நவம்பர் 4

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு பத்து நாள் திரிந்தேன். ஒரு நாள் உட்கார வைத்துவிடலாம் என்றே முடிவு செய்து எம்மெட்டைக் கூப்பிட்டேன். வந்தவன் நான் வாயைத் திறப்பதற்குள், "கோச், அன்னிக்கு வெண்டல் சார் நம்ம ஆட்டத்தப் பாப்பாருல்ல?" என்றான்.

"எதிரணி கோச்டா அவரு. பாக்காம என்ன செய்வாரு?"

"அதில்ல கோச். அவரு போனப்ப நான் இன்னும் சரியா நிக்கக்கூடப் பழகல. இப்பப் பாக்கணும்."

போய்ப் பயிற்சி செய்டா என்று அனுப்பிவிட்டேன். தொழில்முறை அணிகளுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் இந்த மலைக்கு ஒருவரும் வருவதில்லை, உங்கள் அரங்கத்துக்கு வருவார்கள். இந்த ஒரு நாளைத்தான் அவன் நம்பியிருக்கிறான். என்னால் முடியாது அக்கா. அத்தான் என் இடத்தில் இருந்தாலும் உட்கார வைக்க மாட்டார்.

கோபித்துக்கொள். ஆனால் பேசாமல் இருந்துவிடாதே.

ரெய்னோ


டன்மோர்
1984 நவம்பர் 11

ரெய்னோ,

சரி. உன் தயவு எங்களுக்கு வேண்டாம்.

உன் அத்தான் உங்கள் ஆட்டப் படங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்து எதையோ கண்டுபிடித்துவிட்டார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக விசிலடித்துக்கொண்டு வந்தார். "ஐலா, அந்த எம்மெட்டோட கையைப் பாத்தா..." என்று ஆரம்பித்தார். "ஐயோ, எங்கிட்ட சொல்லாதீங்க, தம்பிக்கு எழுதிடுவேன்!" என்று காதைப் பொத்திக்கொண்டேன். வாரம் முழுக்கத் தன் பையன்களுக்கு அதையேதான் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். நன்றாகத் தோற்கப் போகிறாய்.

ஆட்டத்துக்கு முன்னால் வீட்டுக்கு வராதே. தோற்ற பிறகு வா, சோறு போடுகிறேன்.

ஐலா


கோல் கிரீக்
1984 நவம்பர் 25

அன்பு அக்காவுக்கு,

ஆட்டம் முடிந்ததும் உன் வீட்டுக்கு வந்தேன். விளக்கு எரிந்தது. கதவைத் தட்டினேன், நீ திறக்கவில்லை. பேருந்தில் பையன்கள் காத்திருந்ததால் போய்விட்டேன்.

ஜெயித்தவன் எழுதும் கடிதம் மாதிரி இதைப் படிக்காதே. ஆட்டத்துக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை நடந்ததை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

அன்று மாலை உங்கள் அரங்கத்தில் பையன்களை லேசாகப் பயிற்சி செய்ய விட்டிருந்தேன். அத்தான் சும்மா பார்க்க வந்தார், கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு. பையன்கள் ஓடிப்போய் மொய்த்துக்கொண்டார்கள். பிறகு தங்கள் இடத்துக்குப் போய்க் குனிந்து நின்றார்கள். எம்மெட் கையைத் தரையில் ஊன்றினான். அத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குத் தாங்கவில்லை. விறுவிறுவென்று போய் அவன் பக்கத்தில் புல்லில் மண்டியிட்டார்.

"டேய், முட்டித் தள்ளப் போறேன்னா விரலை அழுத்தி வெளுக்க வெச்சுக்கற. பின்வாங்கப் போறேன்னா சும்மா தொட்டுட்டு நிக்கற. என்ன பண்ணப் போறேன்னு ஊருக்கே சொல்லிட்டு நிக்கறியேடா! பெரிய அணிக்காரன் பாத்தா எடுப்பானா உன்னை? எப்பவும் ஒரே மாதிரி வை. எங்க, வை பாப்போம்."

எம்மெட் வைத்தான். அத்தான் அவன் முதுகில் தட்டிவிட்டு எழுந்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "போச்சு போ" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

முன்வரிசைக்கு இத்தனை வருஷம் பயிற்சி கொடுத்தவன் நான். அந்த விரலை நான் கவனித்ததே இல்லை அக்கா. மறுநாள் உங்கள் பையன்கள் கடைசி வரை எம்மெட்டின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் தெரியாமல் தடுமாறினார்கள். நாங்கள் ஜெயித்தது அப்படித்தான்.

அத்தானை அனுப்பிவிட்டார்கள் என்று செய்தித்தாளில் பார்த்தேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். டன்மோரிலிருந்து டைரக்டர் எனக்குப் போன் செய்தார். "எடம் காலியா இருக்கு, வர்றீங்களா?" என்றார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீ என்ன சொல்கிறாயோ அதன்படி செய்கிறேன்.

உன் தம்பி
ரெய்னோ


டன்மோர்
1984 டிசம்பர் 9

தம்பி ரெய்னோவுக்கு,

சாமானெல்லாம் கட்டியாகிவிட்டது. நாளைக் காலை லாரி வருகிறது. ஐடஹோவில் உன் அத்தானின் அண்ணன் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். அங்கே போகிறோம்.

வெள்ளிக்கிழமை நடந்ததை எனக்கு நீ சொல்ல வேண்டியதில்லை. அன்று சாயங்காலம் வந்து மூன்று பேஸ்டி தின்றார். என்ன இவ்வளவு குஷி என்று கேட்டேன். "எம்மெட்டைப் பாத்தேன். ஒரே தடவைதான் சொன்னேன் ஐலா, அப்படியே கையை மாத்திட்டான்" என்றார். "அய்யோ, அப்ப நாளைக்கு?" என்றேன். "காலைல எங்க பசங்ககிட்ட சொல்லிடறேன், கையைப் பாக்காதீங்கன்னு" என்றார்.

சொன்னார் ரெய்னோ. இரண்டு தடவை சொன்னார். அவர்கள்தான் கேட்கவில்லை. நான் மேலே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். அவ்வளவு கூட்டத்தில் என்ன நடக்கிறதென்று தெரிந்த ஒருத்தி நான்தான், என்னால் ஒரு கத்து கத்தக்கூட முடியவில்லை. யார் பேரைச் சொல்லிக் கத்துவேன்?

நீ என்னிடம் சம்மதம் கேட்டிருக்கிறாய். வராதே என்றால் வயிற்றெரிச்சல் என்பாய். வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் அத்தானிடம் கேட்டேன். "போகட்டும். நான் கிளம்பறப்ப யாரு சொல்லிக் கேட்டேன்?" என்றார். முதல் வருஷப் பையன்களை எப்படியாவது உட்கார வைக்கப் பார் என்று உனக்கு எழுதச் சொன்னார். விட மாட்டார்கள், இருந்தாலும் எழுது என்றார்.

இன்னும் பதில் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள் டைரக்டரின் மனைவி வந்திருந்தாள். அடுப்பு கேஸா கரண்டா என்று டோரிஸ் போன் செய்து கேட்டாளாம்.

கரண்ட் அடுப்பு. இடது பக்கம் பின்னால் இருப்பது சூடாகாது. குளியலறைக் குழாயை இறுக்கி மூடினால்தான் சொட்டாது. திரைச்சீலைகளைக் கழற்றவில்லை, புதுசுதான், டோரிஸுக்குப் பிடித்தால் வைத்துக்கொள்ளட்டும். கராஜில் அந்தப் பலகைகளை அடுக்கி வைத்திருக்கிறோம். உன் அத்தான் நேற்று உட்கார்ந்து ஆணியெல்லாம் பிடுங்கிவிட்டார், குழந்தைகள் காலில் குத்தக்கூடாதென்று. பின்பக்க வேலி உடைந்திருக்கிறது, அதற்குப் போதும்.

ஐடஹோ விலாசம் எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

ஐலா