மூத்தவன் ஏற்றும் மெழுகுவர்த்தி

அன்புள்ள அண்ணா,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும்தான். மற்றபடி கரிக்கலாம்பாக்கத்தில் எல்லோரும் சுகம்.

ஜெர்மனியிலிருந்து வந்த ராய்னர் நம் வீட்டில்தான் தங்கியிருக்கிறார். பரம்பரை தெரிந்துகொள்ள நீ விளையாட்டாக டிஎன்ஏ சோதனைக்கு எச்சில் அனுப்பினாயே, அதில் தனக்கு நெருங்கிய உறவென்று உன் பெயர் வந்ததைப் பார்த்துத்தான் தேடி வந்தார். அவருடைய பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இல்லையாம். அவர் அம்மா சாகும்வரை வாய் திறக்கவில்லையாம். கல்யாணத்துக்கு முன்னால் நம் அப்பா ஹாம்பர்க்கில் கப்பல் வேலை பார்த்தது உனக்கும் தெரியும். அதற்கு மேல் நான் எழுதவில்லை.

அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று பயந்துகொண்டிருந்தேன். அவளோ வாசலில் நின்றவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அதே நெத்தி. இன்னாடி பாத்துகினு நிக்கிற? புள்ளைக்கு எல போடு."

சாப்பிடும்போது அவர் கண் கலங்கியது. மீன் குழம்பின் காரம் என்று எல்லோரும் வைத்துக்கொண்டோம்.

நேற்று கல்லறைத் திருநாள். இருட்டும்வரை உனக்காகக் காத்திருந்தோம். அப்பாவுக்கு முதல் மெழுகுவர்த்தியை மூத்த பிள்ளைதான் ஏற்ற வேண்டும். வருஷா வருஷம் நீதான் ஏற்றுவாய். நேற்று தீப்பெட்டியை ராய்னர் கையில் கொடுத்தேன். காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. அம்மா முந்தானையை விரித்து மறைத்து நின்றாள்.

"அடுத்தது உன்னுடையதா?" என்று அவர் கேட்டார்.

"இல்லை, அது அண்ணனுடையது" என்றேன்.

அதைப் பற்றவைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ராய்னர் ஞாயிறு வரை இருக்கிறார்.

உன் தங்கச்சி